மூன்றாவது மாடியில் வீடு, தரைத்தளத்தில் மோட்டார்

கேட்டிருப்பவர் காட்பாடியில், கழிஞ்சூர் ஏரிக்குக் கீழ்ப்பக்கம், கார் நிறுத்துமிடத்தின் மேல் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். இவர் வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். "மெழுகுவத்தி, டார்ச், பிரெட், பிஸ்கட் எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். மூன்றாவது மாடிக்கு வெள்ளம் ஏறி வரப்போவதில்லை, வேலூர் கடலோர ஊரும் இல்லை. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

வெள்ளம் மூன்றாவது மாடிக்கு வராது, உண்மைதான். ஆனால் உங்கள் வீடு ஓடுவதற்கு வேண்டிய எதுவும் மூன்றாவது மாடியில் இல்லை. மின் மீட்டர்கள் வரிசையாக மாட்டிய பலகை, நிலத்தடித் தொட்டி, தண்ணீர் ஏற்றும் மோட்டார், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, லிஃப்டின் குழி, ஜெனரேட்டர், செப்டிக் டேங்க் எல்லாம் தரைத்தளத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டடித் தண்ணீர் நின்றால் போதும். மாடியில் கால் நனையாமல் உட்கார்ந்துகொண்டு குடிக்கத் தண்ணீரும் கழிப்பறைக்குத் தண்ணீரும் இல்லாமல் தவிக்கலாம். ஆகவே நீங்கள் வாங்கிய பொருள்களைவிட, பன்னிரண்டு வீட்டாரும் சேர்ந்து கீழே என்ன செய்து வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

முதலில் கடல் பற்றிய நம்பிக்கையைப் பேசிவிடலாம். புயல் கரையைக் கடந்ததும் காற்று தளரும். மழை தளர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அதற்கு நல்ல சான்று. கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரை நம் திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர். திருவண்ணாமலையோ பழைய வட ஆற்காட்டின் பகுதி. துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் பார்த்து வேலூர்க்காரர் பயப்படுவதிலும் பொருள் இல்லை, நிம்மதி அடைவதிலும் பொருள் இல்லை. அது கப்பல்காரர்களுக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக வெளியிடும் மழை எச்சரிக்கையை. ஒரே நாளில் 12 முதல் 20 செ.மீ. வரை எதிர்பார்த்தால் மிக கனமழை, ஆரஞ்சு. 20 செ.மீ.க்கு மேல் என்றால் அதி கனமழை, சிவப்பு. செ.மீ. கணக்கு மனத்தில் ஏறாதவர்களுக்கு ஒரு கணக்கு: உங்கள் குடியிருப்பு ஆறாயிரம் சதுர அடி மனையில் இருந்தால், 10 செ.மீ. மழை அந்த மனையில் மட்டும் சுமார் 55,000 லிட்டர் தண்ணீரைக் கொட்டும். தெருவிலிருந்து ஓடி வருவது தனி.

வேலூருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இங்கே பெய்யும் மழையைவிட, எங்கோ பெய்து நின்ற மழை நம்மை மூழ்கடிக்கும். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நம்மிடம் வருகிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும் என்பதால் அதை ஆறாகவே பலர் நினைப்பதில்லை. 1903 நவம்பரில் மேலே மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் நினைவாக அங்கே ஒரு தூண் நிற்கிறது. அது பழங்கதை என்றால், 2021 நவம்பர் பலருக்கு நினைவிருக்கும். வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலேயே தண்ணீர் புகுந்தது.

ஆகவே வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செய்தியில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஆந்திர எல்லையில் புல்லூர் தடுப்பணை நிரம்பி வழிகிறதா? குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் போகிறதா? உங்கள் தலைக்கு மேலே இருக்கும் ஏரி கோடி போகிறதா, அதாவது நிரம்பி உபரி நீர் வழிகிறதா? முதல் இரண்டும் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு முக்கியம். உங்களுக்கு மூன்றாவதுதான் உயிர். ஏரி நிரம்பிக் கோடி போவது ஆபத்தில்லை, ஏரி கட்டியதே அதற்காகத்தான். கோடித் தண்ணீர் போகும் கால்வாய் வீட்டு மனையாகிப் போன இடத்தில்தான் ஆபத்து. மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து உங்கள் தெரு வரைக்கும் அந்தக் கால்வாயோடு நடந்து பாருங்கள். எங்கே குறுகுகிறது, எந்தச் சிறுபாலத்தில் குப்பை அடைத்திருக்கிறது, எந்த வளைவில் தெருவுக்குள் திரும்பும் என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும். அடைப்பைப் படம் எடுத்து மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். அக்டோபர் பிறப்பதற்குள் கொடுத்தால் ஆள் வர வாய்ப்புண்டு. டிசம்பரில் கொடுத்தால் அனுதாபம் கிடைக்கும்.

நான் இந்த வட்டாரத்துக் குடியிருப்புகளில் மின்வேலையும் மோட்டார் வேலையும் பார்ப்பவன் என்பதால் கீழ்த்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

மின்சாரத்தில் தொடங்குகிறேன். தண்ணீர் மீட்டர் பலகையை நெருங்குவதற்கு முன்பே மெயினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அணைத்த பிறகும் கீழ்த்தளத்தில் மின்சாரம் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. படிக்கட்டு விளக்கு, வாசல் விளக்கு, கேமரா ஆகியவற்றுக்கென்று பல குடியிருப்புகளில் ஒரு பொது இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். வாரியத்தின் மின்சாரம் போனதும் அது கடமை தவறாமல் தண்ணீரில் மூழ்கிய வாசல் விளக்குக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பும். ஜெனரேட்டர் தானாக இயங்கும்படி அமைத்திருந்தால் இன்னும் மோசம்: தெருவில் மின்சாரத்தை நிறுத்திய சில நொடிகளில் அது எழுந்து, நனைந்த பலகைக்கு உயிர் கொடுக்கும். ஆகவே ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே ஜெனரேட்டரைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். பொது இன்வெர்ட்டரின் கம்பியைக் கழற்றுங்கள். மாடியில் சூரியத் தகடு இருந்தால் அதன் சுவிட்சையும் இறக்குங்கள். இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று குறைந்தது நான்கு வீட்டாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். செயலாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் அன்றைக்குப் பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பார்.

ஏற்கெனவே தண்ணீர் நின்றுவிட்டால் அதில் இறங்கிப் போய் மெயினை அணைக்கும் வீரம் வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மீட்டர் பலகை முழங்கால் உயரத்தில் இருந்தால், அதைத் தோள் உயரத்துக்கு மாற்ற மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். செலவைப் பன்னிரண்டாக வகுத்துப் பார்த்தால் ஒரு கைப்பேசி விலைகூட வராது. பொதுவழிக் கம்பிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும்; அழுத்தினால் 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அடுத்தது தண்ணீர். போர் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே குடியிருப்பது. வெள்ளத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்தால்தான் கதை முடிந்தது. அந்தப் பெட்டியையும் உயரத்தில் மாட்டுங்கள். போர்க் குழாயின் வாய் தரைமட்டத்தில் திறந்து கிடந்தால் தெருச் சாக்கடை நேராக உள்ளே போகும். குழாயை இரண்டடி உயர்த்தி மூடி போடச் சொல்லுங்கள். நிலத்தடித் தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்றும் மோட்டார் அப்படியில்லை. அது தரையில் உட்கார்ந்திருக்கும், நனைந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் போய்விடும். இரு பக்கக் குழாயிலும் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு (யூனியன்) போட்டு வைத்தால், எச்சரிக்கை வந்ததும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒரு ரெஞ்சை வைத்துக் கழற்றி முதல் மாடிப் படிக்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதற்கு முன் மேல்தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நிரப்பினால் எத்தனை நாள் வரும்? நகரத்தில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. உங்கள் வீட்டு ஐந்து பேருக்கு 675 லிட்டர். மேல்தொட்டி பத்தாயிரம் லிட்டர் என்றால் ஒரு வீட்டின் பங்கு 833 லிட்டர். அதாவது வழக்கமாகச் செலவழித்தால் ஒன்றேகால் நாள். ஆகையால் மோட்டாரைக் கழற்றிய அன்றே மேல்தொட்டியின் வெளிக்குழாய் வால்வை மூடி, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் திறப்பது என்று முடிவு செய்யுங்கள். சண்டை வரும். முன்கூட்டியே கூட்டத்தில் பேசி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் சண்டை சின்னதாக இருக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தனியாக 20 லிட்டர் கேன் நான்கு உங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் ஐந்து நாள் தாங்கும்.

செப்டிக் டேங்க் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. நிலம் ஊறி நீர்மட்டம் ஏறினால் அது தானாகவே நிரம்பிவிடும். அப்போது நீங்கள் மூன்றாவது மாடியில் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் கீழே காவலாளியின் கழிப்பறை வழியாகப் பொங்கி வெளியே வரும். செப்டம்பரில் லாரி வைத்துத் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். வெள்ளம் நிற்கும் நாள்களில் மாடிக்காரர்கள் தண்ணீர் ஊற்றுவதைக் குறைக்க வேண்டும். தரைத்தளக் கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை நீர்ப்போக்கியிலும் தடித்த பாலித்தீன் பையில் மணல் கட்டி அழுத்தி வைத்தால் பொங்குவது பெருமளவு அடங்கும்.

காவலாளி என்றதும் ஒன்று. உங்கள் குடியிருப்பில் தரைமட்டத்தில் படுத்து உறங்கும் ஒரே குடும்பம் அவருடையதாகத்தான் இருக்கும். வெள்ளத் தயாரிப்பு என்று பேசும் சங்கங்கள் கார்களை மேட்டில் நிறுத்த இடம் தேடுகின்றன. அவருக்கு இடம் தேடுவதில்லை. எச்சரிக்கை வந்த மாலையே அவரையும் குழந்தைகளையும் மாடியில் காலியாக இருக்கும் வீட்டுக்கோ யாராவது ஒருவரின் கூடத்துக்கோ வரச் சொல்லுங்கள். "தண்ணீர் வந்தால் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவது ஏற்பாடு ஆகாது. தண்ணீர் இரவிலும் வரலாம், அப்போது அவரும் தூங்குவார்.

லிஃப்டைக் கடைசி மாடிக்கு ஏற்றி நிறுத்தி அதன் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். குழியில் தண்ணீர் இறைத்து முடித்து, லிஃப்ட் நிறுவன ஆள் வந்து பார்க்கும் வரை தொடக்கூடாது. கார் நனைந்திருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் கிளப்பினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதையே காரணம் காட்டிக் கையை விரிக்கும். மணல் மூட்டை அடுக்குவதானால் பையைப் பாதிதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று படியும். பின்னால் ஒரு தார்ப்பாய் விரிப்பு.

மதில் சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 நவம்பர் 19 அதிகாலையில் பேர்ணாம்பட்டில் ஒன்பது பேர் இறந்தது வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதால் அல்ல. மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்ததால். அதற்கு முன் 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் ஒரு மதில் சுவர் சரிந்து 17 பேர் இறந்தார்கள். உங்கள் மதிலின் அடியில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா, மண் ஒருபக்கம் உயர்ந்து அழுத்துகிறதா, விரிசல் இருக்கிறதா என்று ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் யாருடைய வீடு இருக்கிறது என்றும் பாருங்கள்.

இனி வீட்டுக்குள். மெழுகுவத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகளும் திரைச்சீலைகளும் உள்ள வீட்டில் டார்ச்சே போதும். பிரெட் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். அவல், பொரி, வேர்க்கடலை, சத்துமாவு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்றவை நம் வீட்டில் எப்போதும் இருக்கக்கூடியவை, சமைக்காமலோ கொஞ்சம் சமைத்தோ பசியாறலாம். மிக்ஸி ஓடாது என்பதை நினைவில் வைத்து, பொடிகளை முன்பே அரைத்து வையுங்கள். மின் அடுப்பை மட்டும் நம்பியிருக்கிறீர்கள் என்றால் ஒரு சிறிய சிலிண்டராவது வேண்டும். ஏ.டி.எம். இயங்காது, கைப்பேசியில் பணம் அனுப்பக் கோபுரம் உயிரோடு இருக்க வேண்டும்; சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், ஆதார், மருத்துவச் சீட்டுகள் ஒரே பாலித்தீன் உறையில். பால்கனியில் பூந்தொட்டி, மொட்டை மாடியில் சின்டெக்ஸ் மூடி, காயப்போடும் கம்பி போன்றவற்றைக் காற்று தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது சித்திரை மாதச் சூறைக்காற்றுக்கும் பொருந்தும்.

உங்கள் மாமியார் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடாது. உங்களுடைய வகைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காத குப்பிகளை, குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால், பாலித்தீனில் சுற்றி ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வைக்கலாம். பனிக்கட்டிக்குள் நேராகப் புதைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. ஊசி, சர்க்கரை பார்க்கும் பட்டை, இரத்த அழுத்த மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வேண்டும். ஆனால் மருந்தைவிடப் பெரிய கேள்வி: லிஃப்ட் நின்ற பிறகு அவரால் மூன்று மாடி இறங்க முடியுமா? முடியாது என்றால், சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று பகல் வெளிச்சத்திலேயே, ஏரிக்குக் கீழே இல்லாத உறவினர் வீட்டுக்கு அவரை அனுப்பிவிடுங்கள். நீங்கள் காட்பாடிப் பக்கம், சி.எம்.சி.யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஆற்றுக்கு அந்தப்பக்கம். நெஞ்சுவலியோ டயாலிசிஸோ உள்ள எவருக்கும் இதே கணக்குதான். "பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, இரவில் இடுப்பளவுத் தண்ணீரில் நாற்காலியோடு ஒருவரைத் தூக்கிச் செல்லும் நிலை வராமல் இருப்பதை.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள், கைப்பேசி அணைந்துபோனால் அதில் சேமித்த எண் உதவாது. அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போகலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லாரும் செய்யும் முதல் வேலை மோட்டாரைப் போடுவது. அதைத்தான் செய்யக்கூடாது. நிலத்தடித் தொட்டிக்குள் தெருத் தண்ணீர் புகுந்திருந்தால், ஒருமுறை மேலே ஏற்றியதும் மேல்தொட்டி, பன்னிரண்டு வீட்டுக் குழாய்கள் எல்லாம் சாக்கடையாகும். முதலில் தொட்டியைச் சுத்தமாக இறைத்து, சேற்றை வாரி, சுவரை பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பவுடரைத் தனி வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி விட வேண்டும். தொட்டிக்குள் இறங்கும் ஆள் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகு, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். செப்டிக் டேங்க்குக்குள் யாரையும் இறக்கவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம். அதன் பிறகும் சில நாள்களுக்குக் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

சேற்றை வாரும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே நுழையும். ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ள நீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும் மீட்டர் பெட்டிக்குள்ளும் பாம்பு சுருண்டிருக்கக்கூடும், குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே மருத்துவமனை.

கழுவத் தொடங்குவதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்கின்றன. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். ஆனால் உங்கள் வீட்டுக் காப்பீடு, பொது மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பணம் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றுக்குச் சங்கத்தின் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். எடுத்திருக்கிறார்களா என்று அடுத்த கூட்டத்தில் செயலாளரைக் கேளுங்கள்.